விடுதிக்காரரை மறந்துவிட்டோமா?

நல்ல சமாரியர் உவமையைக் கேட்கும்போதெல்லாம் நம் கண்கள் சமாரியரையே தேடுகின்றன. அடிபட்டவரின் காயங்களைக் கட்டி, விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். ஆனால், மறுநாள் அவர் புறப்பட்டுச் சென்றபின், அந்த மனிதர் எழுந்து நடக்கும்வரை உடனிருந்து பார்த்துக்கொண்டவர் யார்? விடுதிக்காரர்தாம். இன்றைய மனநலப் பணியில் அந்த விடுதிக்காரரின் இடத்தில் நிற்பவர்கள், உளவியல் பட்டம் பெற்றுச் சமூக மனநலப் பணிக்கு வந்திருக்கும் இளையோர்.

தாம்பரம் மக்களுக்கு சானடோரியம் என்பது ஒரு ரயில் நிலையத்தின் பெயர். 1928ல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்தில், அந்நோய் வந்தவரைக் குடும்பங்கள் மறைத்து வைத்தன. இன்று காசநோய் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறோம். ஆனால், அன்று அந்நோயைச் சூழ்ந்திருந்த வெட்கம், இன்று மனநோயைச் சூழ்ந்து நிற்கிறது.

பெருங்களத்தூரிலோ குரோம்பேட்டையிலோ ஒரு வாடகை வீட்டை எண்ணிப் பாருங்கள். கல்லூரியைப் பாதியில் விட்ட மகன் அறையைவிட்டு வெளியே வருவதில்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகக் காதைப் பொத்திக்கொள்கிறான். "செய்வினையா இருக்குமோ" என்கிறார் தாய். அவ்வீட்டுக் கதவைத் தட்டுவது 24 வயதுப் பெண் ஒருவர். மாத்திரையை ஏன் நிறுத்தினான் என்று அவர் கேட்க வேண்டும். நோயின் தன்மையைத் தாய்க்குப் புரியவைக்க வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வழிகாட்ட வேண்டும். தந்தையின் கோபத்தையும் தாங்க வேண்டும். மாலையில், அடுத்த வீட்டுக்குப் போக மீண்டும் பேருந்து ஏற வேண்டும்.

இப்பணி ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்தனர். அவர்கள் அங்கே இருந்ததற்கு முக்கியக் காரணம், வீட்டுக்கு அருகில் சிகிச்சையோ துணையோ இல்லாததுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்து, சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. ஆனால் உரிமை இருந்தும் அதைப் பெறாதவர்களே மிகுதி. 2015-16ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு உள்ளது. நோயின் வகையைப் பொறுத்து, பாதிக்கப்பட்டோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறுவதில்லை.

இந்த இடைவெளியை மனநல மருத்துவர்கள் மட்டுமே நிரப்ப முடியாது. இதற்கு நம் பகுதியே சான்று. டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் ஆய்வில் பங்கேற்றது. கோவாவிலும் சத்தாராவிலும் கூட அது நடந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் மனச்சிதைவு நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று உதவினர். மொத்தம் 282 பேர் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2014ல் லான்செட் இதழில் வெளிவந்தது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, வீட்டிலும் உதவி பெற்றவர்களுக்கு நோயின் கடுமையும் செயலிழப்பும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. அதிசயம் என்று சொல்லுமளவு இல்லை. ஆனால் உண்மையான மாற்றம். அப்பணியாளர்கள் தனியே விடப்படவில்லை, அனுபவமுள்ளவர்கள் அவர்களை வழிநடத்தினர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். கோவளம் பகுதியில் பானியன் அமைப்பும் இத்தகைய பணியைச் செய்துவருகிறது.

வழிநடத்துதல் என்ற இந்த இடத்தில்தான் நம் இளையோர் பலர் கைவிடப்படுகின்றனர். உளவியலில் முதுகலைப் பட்டம் மட்டும் பெற்றவர் மருத்துவ உளவியலர் ஆகிவிட முடியாது. அதற்கு உரிய மருத்துவப் பயிற்சியும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவும் தேவை. அதுவரை ஆலோசகர், களப்பணியாளர் என்ற பெயர்களில், பெரும்பாலும் குறைந்த ஊதியத்தில் பணி தொடர்கிறது. தற்கொலை எண்ணத்தைச் சொன்ன ஒருவரின் வீட்டிலிருந்து திரும்பும் இளம் பணியாளர், அன்றிரவு அந்தச் சுமையை யாரிடம் இறக்கிவைப்பார்? இங்கிலாந்தில் 2008 முதல் இதுபோன்ற இளநிலைப் பணியாளர்களைப் பயிற்றுவித்து அமர்த்துகின்றனர். அங்கே, வாரந்தோறும் மூத்தவர் ஒருவருடன் அமர்ந்து ஒவ்வொருவர் நிலையையும் கலந்துபேசுவது பணியின் ஒரு பகுதி. அது சலுகையன்று; பணியாளருக்கும் நோயாளிக்கும் பாதுகாப்பு.

பங்குகளில் நாம் என்ன செய்யலாம்? முதலாவதாக, குணமளிக்கும் வழிபாட்டுக்குச் செல்கிறவர் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை என்பதைத் தெளிவாகச் சொல்வோம். செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. இரண்டாவதாக, 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி மனஸ் உதவி எண் 14416ஐ அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்போம். மூன்றாவதாக, அன்பியக் கூட்டங்களில் 'பைத்தியம்' என்ற சொல்லை விலக்குவோம். நான்காவதாக, நம் பள்ளிகளிலும் சமூகப்பணி மையங்களிலும் ஆலோசகரை அமர்த்தும்போது, அவருக்கு நியாயமான ஊதியத்தையும், மாதம் சில மணி நேரமாவது மூத்த உளவியலரின் வழிகாட்டலையும் உறுதிசெய்வோம். சேவை மனப்பான்மை என்ற பெயரில் அவற்றை மறுப்பது நியாயமன்று.

மீண்டும் அந்த உவமைக்கு வருவோம். சமாரியர் அடிபட்டவரை விடுதிக்காரரிடம் வெறுமனே ஒப்படைத்துவிட்டுப் போய்விடவில்லை. செலவுக்குப் பணம் கொடுத்தார். திரும்பி வருவதாகவும் உறுதி சொன்னார். நம்மிடையே வீடுவீடாகச் செல்லும் இளைய விடுதிக்காரர்களுக்கும் இவை இரண்டும்தான் தேவை: உழைப்புக்கேற்ற கூலி, "நான் திரும்பி வருவேன்" என்று சொல்ல ஒருவர்.