சூளைத் தொழிலாளியும் ரத்தக் கொதிப்பும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலாளர் பலருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது அவர்களுக்கே தெரிவதில்லை; வலி காட்டாத நோய் அது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' கருவியையும் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் தெருத்தெருவாய் நடக்கும் பெண் ஊழியருக்குச் சம்பளமில்லையாம், 'ஊக்கத்தொகை'யாம்! பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா?

பகலில் வீடு பூட்டிக் கிடந்தால் ஊழியர்தான் என்ன செய்வார்? சங்க அலுவலகத்தில் ஒரு கருவி வாங்கி வைப்போம். பீடி, டீ ஆகி அரைமணி கழிந்தபின், ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, அளந்து நோட்டில் எழுதுவோம். 135/85-ஐத் தொடர்ந்து தாண்டினால் டாக்டரிடம் போவோம். அளவு இறங்கியதும் மாத்திரையை நிறுத்துகிறார்கள் தோழர்கள், இறக்கியதே மாத்திரைதானே! வாரக்கணக்கில் வராதவர் வீட்டுக்குப் போய் விசாரிப்போம், சந்தா வசூலுக்குப் போகிற மாதிரி.