உற்பத்தியற்ற நாள் விடுமுறை ஆகாது: மந்த காலத்து விடுப்பும் பிரயாணமும் பற்றி ஒரகடம் தொழிலாளர் நிலைப்பாடு

பொருளாதார மந்தம் தலைகாட்டும் போதெல்லாம், விடுமுறையும் பிரயாணமும் உல்லாசச் செலவுகளே என்றும், சிக்கனம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்றும் ஓர் அபிப்பிராயம், நிர்வாகங்களிடையே மட்டுமன்றி நம்முடைய வீடுகளிலும் பரவிவிடுகிறது. ஒரகடம், வல்லம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களின் வாகன ஆலைகளிலும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு ஆலைகளிலும் உழைப்போரையும், அந்த ஆலைகளை நம்பி வாடகைக் கார் ஓட்டி ஜீவனம் செய்வோரையும் அங்கத்தினராகக் கொண்ட எமது சங்கம் இந்த அபிப்பிராயத்தை ஏற்கவில்லை. ஏற்காததன் காரணங்களைப் பொதுமக்கள் முன் வைப்பது கடமை என்று கருதுகிறோம்.

2019-ஆம் ஆண்டை இங்கே நினைவுகூர்வது அவசியம். அவ்வாண்டு ஆகஸ்டில் நாட்டின் பயணிகள் வாகன விற்பனை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 31 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அடுத்த மாதமே அசோக் லேலண்ட் நிறுவனம் எண்ணூர் ஆலையில் 16 நாட்களையும் ஓசூர் ஆலைகளில் 5 நாட்களையும் உற்பத்தியற்ற நாட்களாக அறிவித்தது. பெரிய ஆலை ஒன்று நின்றால், அதற்கு இருக்கை தைத்தும் இரும்பு வார்த்தும் அனுப்பிக்கொண்டிருக்கும் ஆலைகளும் நிற்கும். அங்கெல்லாம் வேலை பார்ப்பவரில் பலர் கான்ட்ராக்ட் தொழிலாளரும் பயிற்சித் தொழிலாளருமே.

வேலையில்லாத நாட்கள் வாய்த்தபோது ஊருக்குப் போய்வரலாமே என்று வெளியிலிருப்போர் எண்ணக்கூடும். மாத்தூரிலோ வல்லத்திலோ ஓர் அறை வாடகையை ஐந்தாறு பேர் பங்கிட்டுக்கொண்டு வசிக்கும் ஒடிசா, பீகார் இளைஞரை அவர்கள் பார்த்ததில்லை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து பேருந்தில் ஏறும் வேளையில், நாளை முதல் நான்கு நாட்கள் வேலையில்லை என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. உடனே அவர் ரயில் முன்பதிவைத் திறந்து பார்க்கிறார். அறுபது நாட்களுக்கு முன்பே திறந்துவிடும் அந்த முன்பதிவில் அன்றைய ரயிலுக்கு மிச்சமிருப்பது நீண்ட காத்திருப்போர் பட்டியல் ஒன்றே. விமானக் கட்டணமோ, புறப்படும் நாள் நெருங்க நெருங்க அவருடைய மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கும் அளவுக்கு ஏறிவிடுகிறது. சம்பளமும் இல்லை, பிரயாணமும் இல்லை. அறைக்குள்ளேயே அந்த நான்கு நாட்களும் கழிகின்றன. முன்கூட்டி அறியாத நாளை எவராலும் விடுமுறையாக அனுபவிக்க முடியாது.

இதனினும் கொடியது, அந்த நாட்களைத் தொழிலாளியின் இ.எல். (ஈட்டிய விடுப்பு) கணக்கில் கழித்துக்கொள்ளும் வழக்கம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஓராண்டில் 240 நாட்கள் உழைத்தவருக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற விகிதத்தில் சம்பளத்துடன் கூடிய விடுப்பை விதித்தது; 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 240 என்பதை 180 ஆகக் குறைத்ததேயன்றி, அந்த விகிதத்தை மாற்றவில்லை. ஆகவே ஆறு நாள் மூடலை இ.எல். கணக்கில் எழுதும் நிர்வாகம், தொழிலாளியின் நூற்றிருபது நாள் உழைப்பின் பலனை ஒரே வாரத்தில் எடுத்துக்கொள்கிறது. சந்தையின் நஷ்டத்தைச் சுமக்க வேண்டியது மூலதனம். தங்கையின் கல்யாணத்துக்கும் தாயின் சிகிச்சைக்கும் என்று ஒருவர் சேர்த்துவைத்த நாட்கள் அல்ல.

விமானப் பிரயாணமும் எமக்கு அந்நியமான விஷயமன்று. 2009-இல் உலக விமானப் பயணிகள் போக்குவரத்து 3.5 சதவீதமும் சரக்குப் போக்குவரத்து சுமார் 10 சதவீதமும் குறைந்ததாகச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கணக்கிட்டது. மந்தத்தில் கம்பெனிகள் முதலில் நிறுத்துவது உத்தியோகஸ்தரின் பிரயாணத்தை. அது நின்றால், விருந்தினர் பெயர் எழுதிய அட்டையோடு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நள்ளிரவில் காத்திருந்து, அவரை ஒரகடத்துக்கு அழைத்துவரும் ஓட்டுநரின் வருமானமும் நிற்கிறது. காரின் மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை. 2019 அக்டோபரில் ஆல் நிப்பான் ஏர்வேஸ், சென்னைக்கும் டோக்கியோவின் நரிட்டாவுக்கும் நேரடி விமானம் தொடங்கியபோது எமது ஓட்டுநர்கள் எவ்வளவு நம்பிக்கை கொண்டார்கள் என்பதை நாங்கள் அறிவோம். சில மாதங்களில் வந்த கொரோனா அந்த நம்பிக்கையை முறித்தது.

மந்த காலத்தில் டிக்கெட் மலியும், மலிந்த டிக்கெட்டில் பிரயாணம் செய்யலாம் என்ற ஆறுதல் மொழியையும் நாங்கள் முழுமையாக நம்பவில்லை. ஆட்கள் குறைந்தால் கட்டணம் இறங்குவது உண்மையே. ஆனால் நலிந்த விமானக் கம்பெனி ஒன்று விழுந்துவிட்டால் இருக்கைகள் குறைந்து கட்டணம் ஏறுவதும் உண்மை. 2019 ஏப்ரல் 17-இல் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்திய கோடையில் நாடு அதைக் கண்டது.

ஆகவே எமது நிலைப்பாடு இது: உற்பத்தியற்ற நாட்களைத் தொழிலாளியின் விடுப்புக் கணக்கில் சேர்க்கலாகாது, அந்நாட்களுக்குரிய நஷ்டஈடு நிரந்தரத் தொழிலாளியோடு நின்றுவிடாமல் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் பயிற்சித் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும், பிரயாணங்களை ரத்து செய்யும் கம்பெனிகள், மாத ஒப்பந்தத்தில் அமர்த்திய ஓட்டுநருக்குக் குறைந்தபட்சத் தொகையேனும் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடும் நாட்களைப் பதினைந்து நாட்களுக்கு முன்னதாகவே அறிவிக்க வேண்டும். இது அசாத்தியம் என்பாருக்கு ஒன்று சொல்வோம்: வாகன ஆலைகள் உதிரிபாகம் தருவோருக்கு உற்பத்தி அட்டவணையைப் பல வாரங்களுக்கு முன்பே அனுப்புகின்றன, இரும்புக்கும் ரப்பருக்கும் காட்டப்படும் அந்த முன்யோசனையை மனிதருக்கும் காட்டலாம்.

இ.எல். கழிக்கச் சம்மதம் கேட்டு வரும் எந்தப் படிவத்திலும், சங்க அலுவலகத்தைக் கலந்தாலோசிக்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.