பத்து மணிக்குப் போனவர்கள்

அந்த ஊரில் நாங்கள் இருந்தது ஏழு நாள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, ஒரு முகாம், முடித்தால் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இன்று எங்கள் எல்லோரிடமும் பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இரத்த அழுத்தப் பரிசோதனைக்குப் பள்ளி வராண்டாவில் மேசை போட்டோம். காலை பத்து மணிக்கு. நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டிருந்தார்கள். வீட்டில் இருக்க முடிந்தவர்கள் மட்டும் வந்தார்கள். வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு டீ கொடுத்து, குடித்த கையோடு பட்டையைச் சுற்றினோம். ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகே பார்க்க வேண்டும், டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். வரிசை நீண்டிருந்தது, புகைப்படக்காரர் காத்திருந்தார்.

அந்த டீயை ஊற்றியவர் ஊரின் அக்கா. மகளிர் குழுவிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்கு வந்த தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பவர் அவர். எந்தப் பாட்டி விரத நாளில் மாத்திரையை விடுவார், யார் தலை சுற்றினால் மட்டும் போடுவார், யார் பாதியாக உடைத்து மிச்சம் பிடிப்பார், எல்லாம் அவருக்கு அத்துபடி. நாங்கள் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: “அக்கா, ஆள் கூட்டிட்டு வர்றீங்களா?”

எங்களில் சமூகப்பணி படித்தவர்களும் உண்டு. மகாராஷ்டிராவின் ஜாம்கேடில் அரோலே தம்பதி எழுத்தறியாத கிராமப் பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக்கிய கதையைப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள். அப்படி ஒரு பெண் எதிரே நின்றபோது கையில் டீத் தூக்கைக் கொடுத்தோம்.

மூன்றாம் நாள் அக்கா சொன்னார்: “காலனிப் பக்கம் ஒருநாள் வாங்க தம்பி. நடக்க முடியாதவங்க அங்கதான் ஜாஸ்தி.” நாளைக்கு என்றோம். மறுநாளும் நாளைக்கு என்றோம். வேன் போகாது என்று அறிக்கையில் எழுதினோம். அது பொய். ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால், பத்து நிமிட நடை. எங்களுக்கு மதியச் சாப்பாடு போட்டவர் ஊரின் பெரிய வீட்டுக்காரர். அவர் ஒருநாளும் போகாதே என்று சொல்லவில்லை; முகம் கோணுவாரோ என்று நாங்களாகவே பயந்தோம். சாதி எங்களைத் தடுக்கவில்லை. தடுக்கும் வேலையே அதற்கு வைக்காமல் நாங்களே திரும்பிக்கொண்டோம்.

140/90-ஐத் தாண்டியவர்களுக்குத் துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றோம். கடைசி நாள் அக்கா அவர்களுடைய பெயர்ப் பட்டியலின் நகலைக் கேட்டார். ஒரு தடவை பார்த்ததை வைத்து முடிவு கட்டக் கூடாது, போய் மறுபடியும் பார்க்கிறேன் என்றார். முகாமுக்குப் பொறுப்பான சாரிடம் கேட்டு அனுப்புகிறோம் என்றோம். சாரிடம் கேட்கவே இல்லை.

2024-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்கு ஐ.நா. விருது கிடைத்தது. நாங்கள் ஸ்டேட்டஸ் வைத்தோம். அக்காவுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லலாம் என்று தேடினால், அவருடைய எண் எங்கள் யாரிடமும் இல்லை.

இந்த வருட முகாமுக்குப் போகிற தம்பி, தங்கைகளே, பேனர் கட்டுவதற்கு முன் அந்த ஊர் அக்காவைப் போய்ப் பாருங்கள். எட்டு மணிக்கு முன்னால், காலனியிலிருந்து தொடங்குங்கள். பட்டியலை அவர் கையில் கொடுத்துவிட்டு வேன் ஏறுங்கள்.