பட்டம் தயார், பதவி எங்கே? செவிலியர் முன் இரு பாதைகள்

புது தில்லி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மருத்துவமனையில் ஓராண்டு பணியாற்றிய செவிலியர் மேற்படிப்பை நாடும்போது இரு பாதைகள் எதிர்ப்படுகின்றன. ஒன்று, வழக்கமான எம்.எஸ்சி. நர்சிங். மற்றொன்று, தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. இரண்டுக்கும் காலம் இரண்டு ஆண்டுகளே. ஆனால், படித்து முடித்தபின் கிடைக்கும் பணியும் அதிகாரமும் ஒன்றல்ல.

எம்.எஸ்சி. நர்சிங்கில் மருத்துவ - அறுவை சிகிச்சை, குழந்தைகள் நலம், மகப்பேறு, சமுதாய நலம், மனநலம் என ஐந்து பிரிவுகள் உள்ளன. இதை முடிப்போரில் பலர் கல்லூரி ஆசிரியப் பணிக்கோ, மருத்துவமனை நிர்வாகத்துக்கோ செல்கின்றனர். மருத்துவக் கல்லூரிகளுடன் இணைந்து 157 புதிய நர்சிங் கல்லூரிகளை ரூ.1,570 கோடியில் தொடங்க மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்தது. கல்லூரிகள் பெருகினால் ஆசிரியர் தேவையும் பெருகும் என்பதால், இப்பாதையில் வேலைவாய்ப்பு ஓரளவு தெளிவாகவே தெரிகிறது.

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பின் நோக்கம் வேறு. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பாடத்திட்டப்படி, மாணவர் பெரும்பகுதி நேரத்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே செலவிட வேண்டும். நோயாளியைப் பரிசோதித்து, நிலையைக் கணித்து, மருத்துவர்களுடன் கலந்து வகுத்த நெறிமுறைப்படி சிகிச்சையைத் தொடங்கும் திறனை இது அளிக்கிறது. இத்தகைய செவிலியருக்குத் தனிப் பணிப்பிரிவை உருவாக்கலாம் என 2017-ம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கையும் பரிந்துரைத்தது.

சிக்கல் சட்டத்தில்தான் இருக்கிறது. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின்படி, 'எச்' அட்டவணையில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்க இயலாது. மருத்துவர் அல்லாதோருக்கு இந்த அதிகாரத்தில் சிறு பங்கு அளிப்பதுகூட எளிதல்ல. சமுதாய சுகாதாரப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் வழங்க, தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு வகை செய்தது. அதை எதிர்த்து 2019 ஜூலை 31-ல் இந்திய மருத்துவச் சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டது. முழு மருத்துவக் கல்வி பெறாதோரிடம் நோயாளியை ஒப்படைப்பது ஆபத்து என்பது மருத்துவர்களின் வாதம். அந்த அச்சத்தை முற்றிலும் புறக்கணிக்க முடியாது.

1947-ம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணைய மசோதா 2023 ஜூலை 28-ல் மக்களவையிலும், ஆகஸ்ட் 8-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. ஆனால், கல்வியையும் பதிவையும் மத்தியச் சட்டம் ஒழுங்குபடுத்தினாலும், மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. அரசு மருத்துவமனைகளில் புதிய பதவியை உருவாக்கி, ஊதியம் நிர்ணயிக்க வேண்டியவை மாநில அரசுகளே. தில்லியில் பாடத்திட்டம் தயாரானாலும், மாநிலத் தலைநகரில் அரசாணை பிறக்காவிட்டால் பட்டதாரி பழைய பணியிடத்துக்கே திரும்ப நேரிடும்.

மகப்பேறு துறையில் அணுகுமுறை சற்று மாறுபட்டது. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், 18 மாதப் பயிற்சியுடன் நில்லாமல், பயிற்சி பெற்றவர் எந்தப் பிரிவில், எத்தகைய பிரசவங்களைக் கவனிப்பார் என்பதையும் வரையறுத்தன. தீவிர சிகிச்சைப் படிப்புக்கும் இத்தகைய வரையறை தேவை.

ஆசிரியப் பணியை விரும்புவோருக்கு எம்.எஸ்சி. நர்சிங்கே இன்று பொருத்தமானது. நோயாளியின் படுக்கையருகே பணிபுரிய விரும்புவோர், சேர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. படிப்புக்குப் பின் தனிப் பதவி உண்டா? அதற்கேற்ற ஊதியம் உண்டா? எவற்றைச் செய்யலாம் என்பதற்கு எழுத்துபூர்வமான நெறிமுறை உண்டா? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில், இரண்டாண்டு உழைப்பையும் ஊதிய இழப்பையும் ஏற்பவர் செவிலியர் மட்டுமே.

தேர்ந்த செவிலியர் இரவு நேரத்தில் அருகில் இருந்தும், செயல்பட அதிகாரம் இன்றி மருத்துவரின் வருகைக்குக் காத்திருந்தால், இழப்பு நோயாளிக்கே. பதவியையும் பொறுப்பையும் வரையறுக்காமல் பட்டத்தை மட்டும் வழங்குவது, பாதி வழியில் நிறுத்திய சீர்திருத்தமாகவே அமையும்.