செடிவிளக்கும் மராமத்தும்

பொருளைப் படைத்தல் ஒரு கலை. படைத்த பொருளைப் பேணுதல் மற்றொரு கலை. முன்னதனைப் போற்றுவார் பலர்; பின்னதனைப் போற்றுவார் சிலரே. பேச்சிப்பாறை அணை 1897ஆம் ஆண்டில் தொடங்கி 1906ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதனைக் கட்டுவித்த மூலம் திருநாள் மகாராஜாவின் பெயரையும், பொறியாளர் மின்சின் பெயரையும் நாஞ்சில் நாட்டார் அறிவர். ஆனால், அவ்வணையின் நீர் வயலைச் சேரும்பொருட்டு ஆண்டுதோறும் கால்வாயில் இறங்கிச் சேறும் பாசியும் அகற்றிய கைகள் யாருடையவை என்பதை அறிவார் யார்? அக்கைகள் ஓய்ந்திருந்தால் அணை நிரம்பியும் வயல் காய்ந்தன்றோ கிடக்கும்! இந்நாடு திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த காலத்தில் பொதுப்பணித் துறையை மராமத்து என்றே வழங்கினர். ஊரார் கூடிக் குளத்தைத் திருத்துவது குடிமராமத்து எனப்பட்டது. சொல் அரபு மொழியிலிருந்து வந்ததாயினும் செயல் நம்முடையதே.

இவ்வளவு பெரிய செய்தியைக் கூறித் தொடங்கிய யான், இனிப் பேசப் புகுவது ஒரு சிறு விளக்கைப் பற்றியே. நண்பர்கள் நகையாது கேட்பார்களாக.

நாகர்கோவிலில் எங்கள் வீடு, மாடி வீடுகள் சூழ்ந்த ஒரு குறுகிய சந்தில் உள்ளது. முற்றத்தில் வெயில் விழுவது நண்பகலில் ஒரு மணி நேரமே. என் தாயார் கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றின் நாற்றுகளைத் தட்டுகளில் வளர்த்து அயலார்க்கு விலைக்குக் கொடுப்பார். வருவாய் சிறிதே, எனினும் என் தேர்வுக் கட்டணம் அதிலிருந்தே வருகிறது. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் அந்நாற்றுகள் ஒளியின்றி வெளிறி, நூல்போல் நீண்டு சாய்ந்துவிடும். இதற்கு மாற்றாக, செடி வளர்ப்பதற்கென்றே விற்கப்படும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் இரண்டை வாங்கினோம். மூன்றாம் மாதத்தில் அவற்றுள் ஒன்று அணைந்தது. விற்றவரோ தவணை கடந்தது என்றார். பழுது பார்க்கும் கடைக்காரர் அதனைத் திறந்தும் பாராமல், “மக்களே, இதப் பாக்குற கூலிக்குப் புதுசே வாங்கிரலாம்” என்றார். அந்த வாரத்தில் இரண்டு தட்டு நாற்றுகள் வீணாயின.

“கதிரவன் இலவசமாகக் காயும் இந்நாட்டில் செடிக்கு விளக்கு எதற்கு?” என்று வினவுவார் உளர். வெயில் உள்ள இடத்தில் விளக்கு வேண்டா; அது வீண் செலவே. ஆயினும் இரு பருவமழையும் பெறுவது நம் மாவட்டம். வீடுகளோ நாளுக்கு நாள் நெருங்கி வருகின்றன. வெயில் நுழையாத வீட்டில் வாழ்வோர்க்கும் ஒரு செடி வளர்க்கும் விருப்பம் இருத்தல் குற்றமாகாது.

அணைந்த விளக்கை யானே திறந்தேன். அதன் அமைப்பு அரியதன்று. அலுமினியத் தகடு ஒன்றின்மேல் மிளகளவான ஒளிமணிகள் வரிசையாய்ப் பதிந்துள்ளன, எல்.இ.டி. எனப்படுவன இவையே. கண்ணுக்குப் புலனாகும் செவ்வொளி மணி 1962ஆம் ஆண்டிலேயே தோன்றியது. ஒளிமிக்க நீலமணி தோன்றப் பின்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதனைக் கண்டமைக்காக அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவர் 2014ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். இலையின் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாய் உட்கொள்வது. ஆதலின் செடிவிளக்குகளில் 450 நானோமீட்டரை அடுத்த நீலமும், 660 நானோமீட்டரை அடுத்த செம்மையும் சேர்த்து அமைப்பர். வீட்டிற்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை மணிகள் ஏற்கும் வகையில் மாற்றித் தருவது ‘டிரைவர்’ என்னும் உறுப்பு.

திறந்தவுடன் யான் செய்த பிழையையும் மறைக்கமாட்டேன். செருகியை எடுத்துவிட்டேன், இனி அச்சமில்லை என எண்ணி உள்ளே விரலை வைத்தேன். அதிலுள்ள மின்தேக்கி ஏறத்தாழ 325 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும் என்பதை யான் அறியேன். தோள்வரை அதிர்ந்தது, விளக்கு கையினின்று வீழ்ந்தது. தாயார் அலறிய குரல் இன்றும் காதில் ஒலிக்கிறது. அறியாமையுடன் கூடிய துணிவு துணிவன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

பின்னர், வானொலிப் பெட்டி பழுதுபார்த்து ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் முதலில் கற்பித்தது காத்திருத்தல்: செருகியை எடுத்தபின் சில நிமிடம் பொறு, மின்தேக்கியில் மின்சாரம் இல்லையென்று மல்டிமீட்டரால் அளந்து பார், அதன்பிறகே தொடு. அடுத்து ஒவ்வொரு மணியாகச் சோதித்தார். உயிருள்ள மணி மங்கலாக மின்னியது. ஒன்று மட்டும் மின்னவில்லை. உற்று நோக்கின், அதன் நடுவே ஊசிமுனை அளவு ஒரு கரும்புள்ளி. நாற்பது மணிகளில் முப்பத்தொன்பது நலமாயிருக்க, ஒன்றன் பொருட்டு விளக்கு முழுவதும் இருண்டிருந்தது! மணிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒரே சரத்தில் கோக்கப்பட்டிருத்தலே காரணம். தோவாளைப் பூச்சந்தையை அறிந்த நமக்கு இதனைச் சொல்ல வேண்டுமோ? நார் ஓரிடத்தில் அற்றால் சரம் முழுவதும் உதிரும். ஆனால் அதற்காகப் பூவையெல்லாம் குப்பையில் கொட்டுவார் உண்டா? முடிச்சிட்டு மீண்டும் தொடுப்பரன்றோ!

முதியவர் தகட்டைத் தனியே கழற்றி, கவிழ்த்து வைத்த இஸ்திரிப் பெட்டியின்மேல் வைத்துச் சூடாக்கினார். ஈயம் உருகியதும் பழைய மணியை அகற்றிப் புதியதைப் பதித்தார். மணிகளுள் 3, 6, 9 வோல்ட் எனப் பலவகை உண்டாதலின், பழையதற்கு ஒத்ததையே இடவேண்டும் என்றார். இறந்த மணியின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்து எரியவிடுவாரும் உளர். எஞ்சிய மணிகளின்மேல் சுமை ஏறக்கூடுமாதலின் அவ்வழியை அவர் விரும்பவில்லை. புதிய மணியின் விலை ஐந்து ரூபாயினும் குறைவு. தேநீர் ஒன்றைத் தவிர வேறு கூலி அவர் பெற்றாரில்லை.

விளக்கு வந்த பெட்டியில் அதன் ஆயுள் 50,000 மணி என்று அச்சிட்டிருந்தது. நாளொன்றுக்கு 14 மணி எரித்தாலும் ஏறத்தாழப் பத்தாண்டு வரவேண்டும். அவ்வெண் மணிகட்கே பொருந்தும், விளக்குக்கு அன்று என்பதை இப்போது அறிவேன். வெப்பமே இதன் பகை. வெப்பம் மிக்கால் டிரைவரில் உள்ள மின்தேக்கி வறளும், பற்றவைத்த இடம் விரியும், மணி கருகும். நம் ஊரில் தூசியும் ஈரமும் கடலின் உப்புக்காற்றும் அதனோடு சேர்கின்றன. எனவே பழுது பார்ப்பதினும் பழுது வாராமற் காப்பதே சிறந்தது. வாரம் ஒருமுறை செருகியை எடுத்து, விளக்கு ஆறியபின் உலர்ந்த துணியால் துடைத்தல். பின்புறம் காற்றுப் புக இடம் விடுதல். செடிக்குத் தெளிக்கும் நீர் படாமல் உயர்த்தித் தொங்கவிடுதல். உலோக உடலாயின் நில இணைப்புக் கொடுத்தல். இடிமழையில் செருகியை எடுத்துவைத்தல். இரவில் செடிக்கும் ஓய்வு கொடுத்தல் என்னும் இவையே நாங்கள் கைக்கொள்வன. 20 வாட் விளக்கை நாளொன்றுக்கு 14 மணி எரித்தால் மாதத்திற்கு 8.4 யூனிட் ஆகும். அதற்கு மேல் எரித்தல் செடிக்கும் நன்றன்று, பணத்திற்கும் நன்றன்று.

தமிழ் பயிலும் எனக்கு இவ்வேளையில் ஒன்று தோன்றியது. விளக்கு என்னும் பெயர் ஒளி தருவதனைக் குறிக்கும். விளக்கு என்னும் வினையோ பொருள் தெரியச் சொல்லுதலோடு, பாத்திரத்தைத் துலக்குதலையும் குறிக்கும். நம் வீட்டுப் பெண்டிர் பித்தளை விளக்கைப் புளியும் சாம்பலும் இட்டு விளக்கியே ஏற்றினர். விளக்காத விளக்கு விளக்காகாது. நம் மொழி ஒரே சொல்லில் அடக்கி வைத்த இவ்வுண்மையை, பெட்டியோடு வாங்கிப் பெட்டியோடு எறியும் நாம் மறந்தோம்.

“புதிது வாங்குவதே மலிவு” என்பது நம்மை நோக்கிக் கூறப்படும் பெரிய வாதம். அது வாங்குவோன் கணக்கு. ஊரின் கணக்கு அன்று. எறிந்த விளக்கின் அலுமினியமும் செம்பும் ஈயமும் எங்கே செல்கின்றன? மின்னணுக் கழிவு விதிகள், 2022 என்பன 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளன. மறுசுழற்சிப் பொறுப்பை அவை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. மேலும், பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய நடுவண் அரசு 2022 ஜூலையில் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, ஒரு விளக்கினுள் உள்ள ஒளிமூலத்தைத் தக்க காரணமின்றிக் கழற்ற இயலாதபடி அமைத்தலாகாது என்னும் விதி 2021 செப்டம்பர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலும் மலிவு விளக்குகளைப் பசையால் ஒட்டாது திருகாணியால் மூடவேண்டும் என யாம் கேட்பது மிகையாகுமா?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா விளக்கும் பிழைக்கா. நீர் புகுந்ததையும், தகடு கருகியதையும் விட்டுவிடுதலே அறிவு. டிரைவர் கெட்டால் அதனைக் குடையாமல் வேறொன்று மாற்றுதல் நன்று. மின்சாரம் அறியாதார் தனித்து இதில் இறங்கலாகாது. ஆனால் ஆபத்துண்டு என்பது கற்கவேண்டும் என்பதற்குக் காரணமேயன்றிக் கல்லாமைக்குக் காரணமாகாது.

ஆதலின் நம் கல்லூரியில் ஒரு மராமத்து மேசை வேண்டும் என்பது என் கருத்து. இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஒரு மூலையும், வாரத்தில் ஒரு மாலையும், அருகிருந்து வழிகாட்டும் ஆசிரியர் ஒருவரும் போதும். மின்தொழில் அறிந்த பழைய மாணவர் தம் அறிவையும், இயலுமாயின் ஒரு மல்டிமீட்டரையும் ஈவாராக. இலக்கியம் பயில்வோர்க்கு இது தகுமோ என்பார்க்கு, கை அழுக்குறுவதால் கல்வி அழுக்குறாது என்பதே விடை.

எங்கள் விளக்கு இன்றும் எரிகிறது. புதிய மணி மட்டும் மற்றவற்றினும் சற்றுப் பொலிவாகத் தோன்றுகிறது. அதன்கீழ் மிளகாய் நாற்றுகள் தண்டு தடித்து நேரே நிற்கின்றன. மாலையில் தாயார் அவற்றை எண்ணிப் பார்க்கும்போது, அணையைக் கட்டினாரை அன்று, பெயர் தெரியாமல் கால்வாய் திருத்தினாரையே யான் நினைக்கிறேன். நாமும் அவ்வரிசையில் நிற்க முயல்வோமாக.