0 அல்லது 1: யார் முடிவு செய்வது?

4ஜி கைபேசியில் ஒரு எண்ணைத் தட்டினால் அழைப்பு நேராக மறுமுனைக்குப் போய்விடுவதில்லை. ஐஎம்எஸ் என்று தொலைத்தொடர்புக்காரர்கள் சொல்லும் மென்பொருள் அடுக்கு அதை முதலில் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சந்தாதாரருக்கென்று எழுதி வைத்திருக்கும் விதிகளின்படி, சம்பந்தப்பட்ட அப்ளிகேஷன் சர்வர்களிடம் ஒவ்வொன்றாக அனுப்பிக் கேட்கிறது. கணக்கில் காசு இருக்கிறதா என்று ஒரு சர்வர் பார்க்கும். அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்ப வேண்டுமா என்று இன்னொன்று பார்க்கும். ஒவ்வொரு விதியோடும் ஒரு சின்னக் குறிப்பு உண்டு. கேட்ட சர்வர் பதிலே தராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அது. அந்த இடத்தில் 0 இருந்தால் அழைப்பு தொடரும். 1 இருந்தால் அத்தோடு சரி, அழைப்பு முடித்துவைக்கப்படும். 3ஜிபிபி என்ற சர்வதேசத் தர அமைப்பு இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. எதைப் போடுவது என்பது சேவை நிறுவனத்தின் பாடு.

பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து ஓடும் இடத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. ஜிஎஸ்எம் காலத்து ப்ரீபெய்டு கணக்கு சர்வர்கள் கேமல் என்ற நெறிமுறையில் பேசுபவை. ஐஎம்எஸ் பேசுவது சிப் நெறிமுறையில். பழைய சர்வரைத் தூக்கி எறிய மனமில்லாத நிறுவனம், நடுவே துபாஷி போல ஓர் இணைப்பு மாட்யூலை வைக்கிறது. அதை கான்ஃபிகர் செய்யும் பொறியாளர், எந்தச் சேவைக்கு எந்த எண், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது, எந்தப் பிழையை எந்தப் பிழையாக மாற்றிச் சொல்வது என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு போகிறார். கேமல் பக்கத்திலும் அதே கேள்வி காத்திருக்கிறது: கணக்கு சர்வர் மௌனமாக இருந்தால் அழைப்பைத் தொடரவா, விட்டுவிடவா? ஐஎம்எஸ் பக்கம் ‘தொடர்’ என்றும் கேமல் பக்கம் ‘விடு’ என்றும் இரண்டு வெவ்வேறு குழுக்கள் எழுதி வைத்திருக்கலாம். அப்படியானால் மாட்யூல் படுத்தால் ஊருக்கெல்லாம் பேச்சு இலவசம். மாட்யூல் நன்றாக இருந்து கணக்கு சர்வர் மட்டும் படுத்தால் யாருக்கும் பேச்சே இல்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டு செட்டிங்கிலும் தவறு கிடையாது. சேர்த்துப் பார்க்க ஆளில்லாததுதான் கோளாறு.

இதெல்லாம் பொறியாளர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம், செய்தித்தாள் வாசகருக்கு எதற்கு என்று தோன்றலாம். வருமானம் போனாலும் பரவாயில்லை, மக்கள் பேசட்டும் என்பது ஒரு கொள்கை. காசு வராத அழைப்பு வேண்டாம் என்பது இன்னொரு கொள்கை. இரண்டில் ஒன்றை ஓர் எண்ணாக எழுதிவிட்டால் அது கொள்கை என்பதே மறந்துபோகிறது. வலையமைப்பு நன்றாக ஓடும்போது எப்படி இருக்கிறது என்பதை விளம்பரங்கள் சொல்கின்றன. அது உடையும்போது எப்படி உடையும் என்பதை இந்த செட்டிங்குகள்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே அவை நிறுவனத்தின் உள்விவகாரம் அல்ல, பொது விவகாரம். கடந்த சில ஆண்டுகளில் உலகம் பார்த்த பெரிய தொலைத்தொடர்பு முடக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இது விளங்கும்.

2022 ஜூலை 8 அன்று விடிகாலை, கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில் ஏழு கட்டமாகத் திட்டமிட்ட மேம்படுத்தலின் ஆறாவது கட்டம் நடந்துகொண்டிருந்தது. ரவுட்டர் அமைவிலிருந்து ஒரு வடிகட்டி விதியை ஊழியர்கள் நீக்கினார்கள். அதுவரை அது தடுத்து வைத்திருந்த வழித்தடத் தகவல்கள் வெள்ளமாக மைய ரவுட்டர்களுக்குள் புகுந்தன. அவற்றின் கொள்ளளவு தாங்கவில்லை. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு கைபேசி, இணையம், வீட்டுத் தொலைபேசி எல்லாம் போயின. நாட்டின் இன்டராக் பணப் பரிமாற்றமும் நின்றது. முழுமையாகச் சீராக ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. கனடா ஒழுங்குமுறை ஆணையம் தனி ஆலோசனை நிறுவனத்தை வைத்து விசாரித்து, அறிக்கையின் சுருக்கத்தை 2024ல் வெளியிட்டது. அதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. இந்த மாற்றம் முதலில் ‘அதிக ஆபத்து’ என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்கள் பிரச்சினையின்றி முடிந்ததால் கணிப்பு முறை அதைக் ‘குறைந்த ஆபத்து’ என்று இறக்கிவிட்டது. ஐந்து முறை விபத்து நடக்கவில்லை என்பது ஆறாவது முறைக்கு எப்படிச் சான்றாகும் என்று அந்தக் கணிப்பு கேட்கவில்லை. இரண்டாவது, கோளாறைச் சரிசெய்யப் பயன்படும் மேலாண்மை வலையமைப்பும் அதே மைய வலையமைப்பின் மீதுதான் ஓடிக்கொண்டிருந்தது. வலையமைப்பு விழுந்ததும் அதைத் தூக்கி நிறுத்த வேண்டியவர்களுக்கே உள்ளே போக வழியில்லை. விழுந்த ரவுட்டர்களின் பதிவுகளைப் பார்க்கவே சுமார் 14 மணி நேரம் பிடித்தது. இன்னொரு கொடுமையும் உண்டு. டவர்கள் சிக்னலைக் காட்டிக்கொண்டே இருந்ததால், பலருடைய கைபேசிகள் அவசர அழைப்புக்காக வேறு நிறுவனத்தின் டவருக்குத் தாவவும் இல்லை.

அதே மாதம் 2ஆம் தேதி ஜப்பானின் கேடிடிஐ நிறுவனம் நள்ளிரவுக்குப் பின் ஒரு ரவுட்டரை மாற்றியது. வழக்கமான பராமரிப்பு வேலைதான். வழித்தட அமைவில் தவறு நேர்ந்து குரல் அழைப்பு கால் மணி நேரம் தடைபட்டது. உடனே பழைய நிலைக்குத் திருப்பினார்கள். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் தொடர்பை இழந்த லட்சக்கணக்கான கைபேசிகள் ஒரே சமயத்தில் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பதிவு செய்ய முண்டியடித்தன. 4ஜி வழியே குரல் அழைப்பைக் கையாளும் வோல்ட்டி சர்வர்கள் திணறின. சந்தாதாரர் தரவுத்தளத்தில் விவரங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயின. அடுத்தடுத்த நாட்களுக்கும் நெரிசல் தீரவில்லை. கடைசியில் 3 கோடியே 58 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆளுக்கு 200 யென் தள்ளுபடி தந்தார்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு 2024 பிப்ரவரி 22 அன்று நடந்ததும் ஏறத்தாழ இதேதான். தவறாக கான்ஃபிகர் செய்த ஒரு கருவியை அதிகாலை 2:42க்கு வலையமைப்பில் சேர்த்தார்கள். மூன்றே நிமிடத்தில் வலையமைப்பு தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. சுமார் இரண்டு மணி நேரத்தில் மாற்றத்தைத் திரும்பப் பெற்றாலும், கைபேசிகளின் மறுபதிவு நெரிசலால் சேவை முழுமையாகத் திரும்ப 12 மணி நேரமாவது ஆனது. 9 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குரல் அழைப்புகள் தடைபட்டன. அவற்றில் 25,000க்கும் மேற்பட்டவை 911 அவசர அழைப்புகள். அந்த மாற்றத்தை சக பொறியாளர் ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டும், அது நடக்கவில்லை என்று அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசியின் அறிக்கை பச்சையாகவே எழுதியிருக்கிறது.

‘மனிதத் தவறு, ஆளை மாற்றினால் தீர்ந்தது’ என்பது நிறுவனங்களுக்குப் பிடித்த பதில். தவறு செய்யாத மனிதர் கிடையாது என்பது தெரிந்துதானே பரிசோதனைக் கூடம், சக சரிபார்ப்பு, திரும்பப் பெறும் வழி எல்லாவற்றையும் வைத்திருக்கிறோம்? ஒருவர் தட்டிய ஒரு வரி கோடிப் பேரை ஊமையாக்க முடிந்தால், குற்றம் அந்த வரியில் இருப்பதைவிட, அதற்கு அவ்வளவு வீச்சைக் கொடுத்த வடிவமைப்பில்தான் அதிகம் இருக்கிறது. ‘அபராதம் போட்டால் தானாகத் திருந்துவார்கள்’ என்பது அரசுகளுக்குப் பிடித்த பதில். ஆஸ்திரேலியாவின் ஆப்டஸ் அதற்கு மறுப்பு. 2023 நவம்பர் 8 அன்று வெளியிலிருந்து வந்த வழித்தட மாற்றங்களால் அதன் ரவுட்டர்கள் முன்பே வைத்திருந்த உச்சவரம்பைத் தாண்டித் தம்மைத் துண்டித்துக்கொண்டன. அந்த வரம்பு, ரவுட்டர் தயாரிப்பாளர் இயல்பாக வைத்து அனுப்பிய எண். 2,145 பேரின் அவசர அழைப்புகள் போய்ச் சேரவில்லை. தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். 1 கோடியே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனாலும் 2025 செப்டம்பர் 18 அன்று ஒரு ஃபயர்வால் மேம்படுத்தலின்போது அதே நிறுவனத்தில் நூற்றுக்கணக்கான அவசர அழைப்புகள் மீண்டும் தோற்றன. இந்த முறை உயிரிழப்புகளும் அதோடு சேர்த்துப் பேசப்பட்டன. அபராதம் கணக்குப் பிரிவுக்குப் போகிறது. செட்டிங் இருக்கும் இடத்துக்கு அது போவதில்லை.

செட்டிங்குகளைப் பொது விவகாரமாக்குவதற்கு எதிராக இவற்றைவிட வலுவான ஆட்சேபங்கள் இரண்டு உண்டு. பெரிய வலையமைப்பில் மாற்றம் என்பது அன்றாட வேலை. ஒவ்வொன்றுக்கும் காகிதம் கேட்டால் பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் திருத்தங்களும் தாமதமாகும் என்கிறார்கள். உண்மைதான். 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2 வலையமைப்பின் டேட்டா சேவை படுத்தது யாரும் எதையும் மாற்றியதால் அல்ல. எரிக்சன் மென்பொருளில் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியானதால். எனவே மாற்றாமல் இருப்பதும் ஆபத்துதான். அதற்காக எல்லா மாற்றத்தையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லவில்லை. ஒரு டவரின் ஆன்டெனா கோணத்தை மாற்றுவதும் மைய ரவுட்டரின் வடிகட்டியை எடுப்பதும் ஒன்றல்ல. தவறினால் எத்தனை பேரைத் தொடும் என்பதை மட்டும் வைத்துப் பிரித்தால் போதும். முன்பு எத்தனை முறை தப்பித்தோம் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. இரண்டாவது ஆட்சேபம், விவரங்களை வெளியிட்டால் தாக்குபவர்களுக்கு வரைபடம் கொடுத்ததாகும் என்பது. கனடா தன் அறிக்கையின் சுருக்கத்தை வெளியிட்டது. அமெரிக்கா நிமிடக் கணக்கோடு வெளியிட்டது. சர்வரின் முகவரி யாருக்கும் வேண்டாம். யார் சரிபார்த்தார்கள், ஏன் தாமதம், அவசர அழைப்பு ஏன் தோற்றது என்பதுதான் வேண்டும்.

நம் நாட்டில் இந்தப் பேச்சு இன்னும் நேரக் கணக்கோடு நிற்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024ல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் பெரிய முடக்கத்தை நிறுவனங்கள் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஒரு நாளைத் தாண்டினால் போஸ்ட்பெய்டு கட்டணத்தில் கழிவு, ப்ரீபெய்டுக்குக் கூடுதல் நாள். நல்ல விதி, சந்தேகமில்லை. ஆனால் மேலே பார்த்த முடக்கங்களில் ரோஜர்ஸும் கேடிடிஐயும் மட்டுமே ஒரு நாளைத் தாண்டின. ஏடி அண்ட் டி தாண்டவில்லை, 2023ல் ஆப்டஸும் தாண்டவில்லை. அரை நாளில் முடிந்த முடக்கத்துக்கு நம் விதியில் ஒரு ரூபாய்கூடக் கழிவு கிடையாது. அரை நாள் முடக்கமே நமக்குப் பெரிது. 2016ல் 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமலே ஜியோ கடை திறந்தது. அதன் வாடிக்கையாளர் பேசும் ஒவ்வொரு அழைப்பும் ஐஎம்எஸ் அடுக்கின் வழியாகத்தான் போகிறது. வங்கி ஓடிபி, யுபிஐ, 112 அவசர அழைப்பு எல்லாம் அதே கைபேசியை நம்பியிருக்கின்றன.

ஆகவே டிராயிடமும் தொலைத்தொடர்புத் துறையிடமும் கேட்க வேண்டியவை இவை. ஒவ்வொரு பெரிய முடக்கத்துக்கும், என்ன மாற்றினார்கள், யார் சரிபார்த்தார்கள், திரும்பப் பெற ஏன் அவ்வளவு நேரம் என்ற அறிக்கையைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடச் செய்யுங்கள். கோளாறைச் சரிசெய்யும் வலையமைப்பைச் சேவை வலையமைப்பிலிருந்து தனியே வைக்கக் கட்டாயப்படுத்துங்கள். கணக்கு சர்வர் பதில் தராதபோது அழைப்பு தொடருமா, துண்டிக்கப்படுமா என்பதை உரிமம் பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் தரட்டும். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத ஒரு பக்கம்கூடத் தேவைப்படாது.