மரம் போயிற்று, பெயரும் போவதோ?

தேக்கு என்பது நம் சொல். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான அச்சொல்லை மேலைக்கடல் துறைகளிற் கேட்ட போர்த்துக்கீசர், மரத்தோடு பெயரையும் ஏற்றிச் சென்று 'தேக்கா' என்றனர். அவர்வழிப் பெற்ற ஆங்கிலர் 'டீக்' என்றனர். பிரெஞ்சியர் 'தெக்' என்றனர்.

வணிகமோ அதனினும் பழையது. செங்கடற்கரையின் பழந்துறையான பெரனீக்கேயில், உடைத்த கலங்களின் தேக்குக் கட்டைகள் கட்டடச் சுவர்களிற் கிடைத்தன. தமிழெழுத்துப் பொறித்த பானையோடும் அங்குக் கிடைத்தது.

ஆங்கிலர் இம்மரத்தை விரும்பியதற்குக் கரணியம் உண்டு. அவர்தம் நாட்டுக் கருவாலி மரத்தின் துவர்ப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் நெய்ப்போ ஆணியைக் காக்கும். மரத்தையும் எளிதில் உளுக்க விடாது. 1817-இல் மலபார்த் தேக்கினால் பம்பாயிற் கட்டிய போர்க்கலம் ஒன்று இங்கிலாந்தின் ஆர்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கின்றது. அதன் பெயர் 'திரிங்கோமலி'. நம் திருகோணமலை சிதைந்த சிதைவைக் காண்மின்!

வெட்டி வெட்டிக் காடு குன்றியபின், 1840-களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் தொடங்கினர். பசி அடங்கவில்லை. பர்மிய அரசு, மரக்கணக்கிற் குறை கண்டு ஆங்கில மரவணிகக் குழு ஒன்றுக்கு ஒறுப்புத்தொகை விதித்தது. அதனையே சாக்காகக் கொண்டு 1885-இல் போர் தொடுத்தனர். 1886 சனவரி முதல் நாளில் அந்நாட்டையே தம் ஆட்சியோடு இணைத்துக் கொண்டனர். ஒரு மரம் ஓர் அரசையே வீழ்த்தியது!

நம் ஆனைமலையிலோ, தேக்கை வெட்டி உச்சியிலிருந்து சரித்துவிட்ட இடத்துக்கு 'டாப்சிலிப்' என்று அவர் இட்ட பெயரே இன்றும் வழங்குகின்றது. கொள்ளையின் பெயரை நாம் ஊர்ப்பெயராகச் சுமக்கின்றோம்.

இவற்றினும் பெரிய இழிவு ஒன்றுண்டு. இன்று மரக்கடைக்குச் செல்லும் தமிழன் 'டீக்வுட் கதவு' கேட்கின்றான். தன் பாட்டன் கொடுத்த சொல்லை, அயலான் வாயிற் சிதைந்தபின், அவனிடமே கடன் வாங்குகின்றான். வெட்டிய காட்டை மீண்டும் வளர்க்க ஐம்பது அறுபது ஆண்டுகள் வேண்டும். இழந்த சொல்லை மீட்க ஒரு நொடி போதும்; வாய் திறந்து சொன்னாற் போதும்.

தமிழ்ப் பெருமக்களே! கடையிலும் தச்சுப் பட்டறையிலும் தேக்கு என்றே சொல்லுக. விலைச்சீட்டிலும் தேக்கு என்றே எழுதுக. பெயரைக் காவாதவன் பொருளையும் காவான்.